ஏகமனது மலை

தென் நிலப் பெயர் ஆணையம் எங்கள் தலைநகர் சாந்தியாகோவில் இருந்தது. அந்த ஊரில் மலையைப் பார்க்க ஜன்னல் திரையை விலக்கினால் போதும், கிழக்கே வானம் பாதி மலைதான். ஆனால் ஆணையத்தின் திரைகள் உயர்ந்த வெல்வெட். வெயில் பட்டால் வெளுத்துவிடும் என்று நிரந்தரமாக மூடியே வைத்திருந்தார்கள். அந்த இருட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தென் துருவத்து மலைகளுக்குப் பெயர் வைத்தார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. பெயர் வைக்கப்பட்ட எந்த மலையும் இதுவரை புகார் கொடுத்ததில்லை.

நான் அப்போது நாட்டின் தென்கோடித் துறைமுகமான புந்தா அரேனஸின் வானொலி நிலையத்தில் வேலை பார்த்தேன். பனிக்கண்டத்தின் ஓரத்தில் வானிலை பார்க்க ஒரு குடில் இருந்தது. அங்கிருந்து வரும் பேச்சைக் கேட்டு சாந்தியாகோவுக்குச் சொல்வதும், சாந்தியாகோ சொல்வதை அங்கே திருப்பிச் சொல்வதும் என் பிழைப்பு. குடிலில் இரண்டு பேர், நிக்கானோர் ஓயர்சூன், எலிசேயோ பார்ரியா. இருவரும் சிலோயே தீவுக்காரர்கள். ஓயர்சூனின் மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் பார்ரியா. அந்த முறையில் ஒருவரை ஒருவர் கொம்பாத்ரே என்றும், மற்றவர் மனைவியைக் கொமாத்ரே என்றும்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அது கூடப் பிறந்த உறவைவிட ஒரு பிடி கூட.

அந்தக் குடிலுக்குக் கிழக்கே எப்போதும் மூட்டம். ஒரு மார்ச் மாதக் காலையில் அது சட்டென்று விலகியது. பார்ரியாதான் முதலில் கருவியைப் பிடித்தார்.

"செலிந்தா, இருக்கியா? இங்க ஒரு மலை நிக்குது!"

"எந்த மலை?"

"அதான் தெரியல. வரைபடத்துல இந்த இடத்துல வெறும் வெள்ளைத்தாள்தான் இருக்கு. பெரிசும்மா, எம்மாம் பெரிசு! ஆளில்லாம அனாதையா நிக்குது. சாந்தியாகோவுல சொல்லு, ஒரு மலைக்கு வீட்டுக்காரங்க யாருன்னு கேட்டுச் சொல்லச் சொல்லு. இரு, நான் போய் அடிவாரத்த நல்லாப் பாத்துட்டு வந்து பேசறேன்."

அவர் வந்து பேசவில்லை. சாயங்காலம் ஓயர்சூன் பேசினார். மலை அடிவாரத்தில் பனி வெடித்திருந்ததாம், மேலே புதுப்பனி மூடியிருந்ததாம், பார்ரியா கால் வைத்ததும் உள்ளே போய்விட்டாராம். கயிறு இறக்கிப் பார்த்திருக்கிறார். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். "அடி தெரியல செலிந்தா," என்றார். அதற்குப் பிறகு கருவியில் காற்று மட்டும் வந்தது. நானும் அணைக்கவில்லை, அவரும் அணைக்கவில்லை.

பார்ரியாவின் மனைவி ஹெர்மினியாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்தபின் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்க வீடு கட்டறது?"

எங்கள் நாட்டில் ஒரு மனிதன் எதிர்பாராமல் செத்தால், செத்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டி வீடு கட்டுவோம். சாலையோரம், கடற்கரை, தண்டவாளம், எங்கே விழுந்தாரோ அங்கே. உயிர் திகைத்துப்போய் அந்த இடத்திலேயே நிற்கும், அதற்கு ஒதுங்க ஒரு கூரை வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றலாம், தலை துவட்டிவிடுவதுபோல் நாலு வார்த்தை பேசலாம். பார்ரியா விழுந்த இடத்தில் எதைக் கட்டினாலும் ஒரே குளிர்காலத்தில் பனி விழுங்கிவிடும்.

மறுநாள் அவளே வானொலி நிலையத்துக்கு வந்து கருவி முன்னால் உட்கார்ந்தாள்.

"கொம்பாத்ரே, அந்த மலைக்கு இன்னும் பேரு இல்லதானே?"

"இல்ல கொமாத்ரே."

"அவரு பேரையே வெச்சிடச் சொல்லுங்க. பனியால அத முழுங்க முடியாதுல்ல? அவருக்கு ஒதுங்க அது போதும். எனக்கும் எந்தப் பக்கம் பாத்து மெழுகுவர்த்தி ஏத்தறதுன்னு தெரியும்."

"வெச்சிடலாம் கொமாத்ரே. ஒரு பேருதானே," என்றார் ஓயர்சூன்.

ஒரு பேருதான் என்று அந்த அப்பாவி மனிதர் நிஜமாகவே நம்பினார். நானும் நம்பினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஆணையத்தின் முதல் பதில் ஒரு வாரத்தில் வந்தது. வரைபடத்தில் அந்த இடத்தில் மலை இல்லாதபடியால், பார்வையாளர் தாம் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறாரா என்று சரிபார்த்துத் தெரிவிக்க வேண்டும். ஓயர்சூன் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இருக்கிறேன் என்றார்.

இரண்டாவது பதிலைச் செயலாளரே நேரில், அதாவது கருவியில், சொன்னார். ஒருவர் பார்த்தால் அது காட்சி. இருவர் பார்த்தால்தான் கண்டுபிடிப்பு.

"இருவர்தாங்க பார்த்தோம். நானும் பார்ரியாவும்," என்றார் ஓயர்சூன்.

"நல்லது. அப்படியானால் செனோர் பார்ரியாவைச் சாட்சி சொல்லச் சொல்லுங்கள்."

"அவரு செத்துட்டாருங்க."

"இறப்புச் சான்று?"

"இல்லீங்க. பதிவாளர் தரமாட்டேங்கறாரு. செத்த இடத்துக்குப் பேரு கேக்கறாரு. அங்க பேருள்ள இடம் எதுவும் இல்ல. அந்த மலைக்குப் பேரு வெச்சாத்தான் உண்டு."

"பெயர் வைக்க வேண்டுமானால் கண்டுபிடிப்பு நிரூபணமாக வேண்டும். அதற்குச் சாட்சி வேண்டும்."

"சாட்சிதாங்க செத்துட்டாரு."

"சான்று இல்லாமல் அவர் எப்படிச் சாக முடியும்?" செயலாளரின் குரலில் கோபமே இல்லை, பொறுமைதான் இருந்தது. "ஆணையத்தைப் பொறுத்தவரை அவர் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருப்பவர் சாட்சி சொல்ல வராமல் இருப்பது ஒழுங்கீனம். விளக்கம் கேட்க வேண்டியிருக்கும்."

கேட்டார்கள். பார்ரியா எலிசேயோ, உதவிப் பார்வையாளர், பணிக்கு வராமைக்குக் காரணம் கூற வேண்டும் என்று ஹெர்மினியா வீட்டுக்கே தாக்கீது வந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"செலிந்தா, இவங்க அவர வேலைக்குக் கூப்புடறாங்களா?"

"ஆமா."

"அவங்க கூப்பிட்டாலாவது வருவாரான்னு பாக்கலாம்," என்றாள். சிரிப்பாளோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

ஜனவரியில், எங்கள் பக்கத்துக் கோடையில், குடிலுக்குக் கப்பல் போனது. மாவு, வெங்காயம், மண்ணெண்ணெய் இறக்கியது. ஓயர்சூனுக்குப் பதிலாக ஓர் ஆளும் அதில் போயிருந்தார். ஆனால் ஆணையத்திலிருந்து அவசரச் செய்தி ஒன்று என் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது: மலை கண்டுபிடிக்கப்படும்வரை பார்வையாளர் மாறக் கூடாது. ஆள் மாறினால் வேறு மலை ஆகிவிடும். மேலும், பார்க்க ஆளே இல்லாத மலையைப் பக்கத்து நாட்டுக்காரன் கண்டுபிடித்துவிடுவான். வந்த ஆள் அதே கப்பலில் திரும்பிவிட்டார். அவரிடம் அதில் வருத்தம் எதுவும் தெரியவில்லை.

அப்படித்தான் ஓயர்சூன் இரண்டாவது குளிர்காலத்தையும் தனியாகக் கழித்தார். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்காகக் கட்டிய குடிலில் ஒரு மனிதன் தனியாக இருக்கும்போது அவன் சமைப்பதுகூடக் காதில் வேறு மாதிரி விழும். வானிலை சொல்லி முடித்தபின் அவர் கருவியை அணைக்கமாட்டார். பாத்திரம் வைக்கிற சத்தம் வரும். பிறகு கேட்பார்.

"இன்னிக்கு என்ன சமைச்ச செலிந்தா?"

"உருளைக்கிழங்கு அடை."

"பன்னிக்கொழுப்பு போட்டா?"

"போடாம?"

"துருவினப்பறம் நல்லாப் பிழிஞ்சியா? பிழியலன்னா பச்ச வாடை அடிக்கும்."

"உங்க ஊருக்காரங்க மட்டும்தான் அடை சுடுவீங்களா? எல்லாம் பிழிஞ்சேன்."

"சரி, சரி. எங்க, தின்னுகிட்டே பேசு. கேக்கறேன்."

நான் தின்றேன், அவர் கேட்டார். இதற்கெல்லாம் விதிமுறையில் இடம் இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெர்மினியாவும் வந்து பக்கத்தில் உட்காருவாள். அவளும் அவரும் பேசிக்கொள்வதே இல்லை. அங்கே அடிக்கிற காற்றை இங்கே உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். எனக்கு வீட்டில் புருஷன், பிள்ளைகள், ஒரு நாய், எல்லாம் இருந்தன. இருந்தும் அந்த ஞாயிறுகளில் உலகத்திலேயே ஆள் இல்லாததுபோல எனக்கு இருக்கும்.

இதற்கிடையில் சாந்தியாகோவில் வேலை மும்முரமாக நடந்தது. கண்டுபிடிப்பு நிரூபணமாகாவிட்டாலும் பெயரை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்வதில் தப்பில்லை என்று ஆணையத் தலைவர் தோன் கிளிமாக்கோ கருதினார். பெயர்கள் வந்தன. ஒருவர் காலஞ்சென்ற அமைச்சரைச் சொன்னார், இன்னொருவர் அவருக்கு எதிரியான காலஞ்சென்ற அமைச்சரைச் சொன்னார். தோன் கிளிமாக்கோ தம் மாமனாரைச் சொன்னார். மாமனார் கடற்படையில் இருந்தவர், ஆனால் வாந்தி வரும் என்பதால் கப்பலில் ஏறாதவர். எதுவும் தேறவில்லை. மாதக்கணக்கில் நடந்த கூட்டங்களில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், கூட்டத்தை ஒத்திவைப்பது. அது மட்டும் ஒவ்வொரு முறையும் ஏகமனதாக நிறைவேறியது. கடைசியில் ஓர் உறுப்பினருக்குப் பொறி தட்டியது. கருத்து வேறுபாடே எழாத ஒரே சொல்லாக இருக்கிறதே, அதையே வைத்தால் என்ன? மலைக்கு ஏகமனது என்று பெயரிட ஐந்துக்கு நான்கு வாக்கில் முடிவானது.

நான் இதை ஓயர்சூனிடம் சொன்னேன். அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"அப்ப பார்ரியா?"

"கேட்டேன். அதுக்கும் விதி இருக்காம். அமைச்சர்னா மலை. அதிகாரின்னா குன்று. சார்ஜென்டுன்னா கடல்முனை."

"உதவிப் பார்வையாளருக்கு?"

"அலை ஏறினா முழுகிப்போற பாறை வரைக்கும் குடுக்கலாமாம். ஆனா அதுக்கும் செத்திருக்கணுமாம்."



"கொமாத்ரேகிட்ட இத இப்ப சொல்லாத," என்றார். "ஆணையத்துக்காரங்க நேர்ல வர்றாங்கல்ல? வந்து மலையக் கண்ணால பாத்தாங்கன்னா மனசு மாறும். பாக்காம இருக்கறதாலதான் இப்படிப் பேசறாங்க. நான் கேக்கறேன், பாரு."

ஆம், ஆணையம் நேரில் போக முடிவு செய்திருந்தது. சாட்சிப் பிரச்சினையைத் தீர்க்க வேறு வழியில்லை. ஆணையமே போய்க் கண்டுபிடித்துவிட்டால் சாட்சிக்குப் பஞ்சமில்லை அல்லவா? அடுத்த பிப்ரவரியில் தோன் கிளிமாக்கோ, செயலாளர், மற்ற உறுப்பினர்கள், ஒரு பாதிரியார், ஒரு புகைப்படக்காரர், ஊதுகுழல்காரர் ஒருவர், எல்லோரும் எங்கள் ஊர்த் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். ஆணையத்தின் திரைத்துணியில் ஒரு துண்டும் கூடப் போயிற்று, மலையைத் திறந்துவைப்பதற்காக.

போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மூட்டம். காத்திருந்து பார்த்தார்கள். கப்பலில் பிஸ்கோ சாராயம் தீர்ந்துகொண்டே வந்ததால் அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. விழாவை நாடு முழுவதும் ஒலிபரப்ப ஏற்பாடு ஆகியிருந்தது. என் கருவி வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும். ஹெர்மினியா கறுப்புச் சால்வையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதலில் ஊதுகுழல் ஒரு ஸ்வரம் ஊதி நின்றது. குளிரில் உதடு ஒட்டிக்கொண்டதாம். அடுத்து ஓயர்சூனின் குரல், தணிந்து, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"தோன் கிளிமாக்கோ, மலை அந்தப் பக்கம் இல்லீங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு."

"எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளையாகத்தானே இருக்கிறது?"

"இருந்தாலும் மலை பின்னாடிங்க."

"ஆணையம் வரிசையில் நின்றாயிற்று," என்றார் தோன் கிளிமாக்கோ. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி, பேசத் தொடங்கினார்.

"நாட்டு மக்களே! இந்த மலை லட்சக்கணக்கான ஆண்டுகளாக இங்கே நின்றது. என்ன பயன்? ஓர் அலுவலகத்துக்கும் இது தெரியாது. இன்று ஆணையம் வந்தது, இன்று இது மலை ஆயிற்று. நீங்கள் இதைப் பார்த்தீர்களா என்று சிலர் கேட்பார்கள். பெருமையோடு சொல்கிறேன், பார்க்கவில்லை! கண் உள்ள எவனும் மலையைப் பார்த்துவிடுவான். பார்க்காமலே கண்டுபிடிக்க ஒரு நிறுவனம் வேண்டும். அந்த நிறுவனம் நாம்!"

கைதட்டல். கையுறை போட்டுக்கொண்டு தட்டியதால் மெத்தையை உதறுவதுபோல் கேட்டது. திரையை விலக்கினார்கள், பாதிரியார் மூட்டத்தின் மேல் தீர்த்தம் தெளித்தார். புகைப்படக்காரர் எடுத்த படத்தைப் பிறகு நான் பார்த்தேன். ஒன்றும் தெரியாத வெள்ளை. அது ஆதாரமாக ஏற்கப்பட்டது.

கருவி அணையுமுன் ஓயர்சூன் மறுபடி பேசினார்.

"தோன் கிளிமாக்கோ, ஒரு வார்த்தைங்க. கீழ ஒரு மனுஷன் கெடக்கறாருங்க. அவருதாங்க இத மொதல்ல பாத்தவரு. அவரு பேரு..."

"தெரியும், தெரியும்," என்றார் தோன் கிளிமாக்கோ அன்பாக. "ஆணையம் அவரை மறக்கவில்லை. இப்போது இடத்துக்குப் பெயர் வந்துவிட்டது. இனி அவர் சாகலாம்."

ஹெர்மினியா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கப்பல் திரும்பி வந்தது. ஓயர்சூனும் அதில் வந்தார். குரலாகவே இரண்டு வருடம் பழகிய மனிதரைத் துறைமுகத்தில்தான் ஆளாகப் பார்த்தேன். யாராவது சத்தமாகப் பேசினால் அரை அடி பின்னால் நகர்ந்து நின்றார்.

அன்று மத்தியானம் ஆணையத்துக்கு ஊர்ப் பெரிய மனிதர்கள் விருந்து வைத்தார்கள். முழு ஆட்டை நெருப்போரம் நிறுத்திச் சுட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன் ஹெர்மினியாவைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். தோன் கிளிமாக்கோ சிவப்பு நாடா கட்டிய காகிதம் ஒன்றை அவளிடம் கொடுத்தார். இறப்புச் சான்று. ஆணையத்தின் சிறப்பு முயற்சியால் பதிவாளர் கப்பல் வந்த அன்றே கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஹெர்மினியா நின்ற இடத்திலேயே படித்தாள். மெதுவாகப் படிப்பவள். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தேதி தப்பா இருக்குங்க."

"தவறு இல்லை, செனோரா. அது விழா நடந்த தேதி."

"அவரு போய் ரெண்டு வருஷம் ஆகப்போகுதுங்க."

"மலை கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னால் அதன் அடிவாரத்தில் ஒருவர் எப்படி இறக்க முடியும்?" தோன் கிளிமாக்கோ சபையைப் பார்த்துப் புன்னகைத்தார். "மலை பிறந்த நாளுக்கு முந்தைய தேதியைப் போட்டால் மலையின் பேரில் சந்தேகம் வந்துவிடும்."

"அப்ப இந்தக் காகிதத்துப்படி, இவ்வளவு நாளும் அவரு உசுரோட இருந்தாரா?"

"அதிகாரபூர்வமாக, ஆம்."

"அந்தக் குழிக்குள்ளயா? தனியாவா?"

தோன் கிளிமாக்கோ செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலையாட்டினார்.

"பதிவுப்படி, அப்படித்தான் செனோரா."

"யாரும் போய்ப் பாக்கலையா?"

"பார்க்காமல் என்ன?" தோன் கிளிமாக்கோவுக்கு மனம் புண்பட்டுவிட்டது. "ஆணையமே போயிருந்ததே. நாங்கள் போன அன்றைக்குத்தானே இறந்தார்."

பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள். ஆட்டை வெட்டத் தொடங்கினார்கள்.

ஹெர்மினியா காகிதத்தை நான்காக மடித்தாள். சுவரோரம் நின்றிருந்த ஓயர்சூனிடம் போனாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெயரை வாங்கித் தர முடியவில்லையே என்று சொல்ல வாயெடுத்தார். அவள் சொல்லவிடவில்லை.

"கொம்பாத்ரே, நீங்க பாத்தீங்களா அவர?"

ஓயர்சூன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் எதைக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது.

"பாத்தேன் கொமாத்ரே. மூட்டம் இல்லாத நாளெல்லாம் பாத்தேன். கிழக்கு ஜன்னலுக்கு நேரா நிப்பாரு."

"எப்படி இருந்தாரு?"



"வெயில் அடிச்சா நல்லா இருப்பாரு," என்றார்.